பகல் இரண்டு மணிக்கு டேங்கரை யார் எடுப்பது?

கேள்வி, 3 நவம்பர்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மேற்குப் பக்கத்தில் ஒரு சிற்றூருக்குக் குடிவந்து ஓராண்டாகிறது. சென்ற வாரம், ஒரு வேலைநாள் பிற்பகலில், எங்கள் தெருவில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. தெருமுனையிலேயே சி.எஃப்.ஏ. (நாட்டுப்புறத் தன்னார்வத் தீயணைப்புப் படை) நிலையம் இருக்கிறது, உள்ளே தண்ணீர் சுமக்கும் நல்ல டேங்கர் ஒன்றும் நிற்கிறது. ஆனால் முதலில் வந்தது அடுத்த ஊரின் வண்டி. அதற்குப் பின் நகரத்திலிருந்து, சம்பள வீரர்களைக் கொண்ட மாநிலத் தீயணைப்புப் படையான எஃப்.ஆர்.வி.யின் முழுநேர வீரர்கள் வந்தார்கள். எங்கள் ஊர் வண்டி தீ அடங்கிய பிறகே வெளியே வந்தது. சம்பளம் வாங்காதவர்களிடம் இவ்வளவு விலையுள்ள வண்டியை ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பதைவிட, ஊருக்கு நான்கு பேரைச் சம்பளத்தில் அமர்த்திவிட்டால் என்ன?

3 நவம்பர், இரவு

நான் அப்படிப்பட்ட தன்னார்வலர்தான், வேறோர் ஊரில். முதலில் உங்கள் நான்கு பேர் கணக்கைப் பார்ப்போம். வண்டியில் நான்கு இருக்கைகள் எந்த நேரமும் நிரம்பியிருக்க வேண்டுமானால் நான்கு பேர் போதாது. முழுநேர நிலையங்கள் பத்து மணி நேரப் பகல், பதினான்கு மணி நேர இரவு என்ற முறையில், நான்கு குழுக்களாக மாறி மாறி இயங்குகின்றன. ஆகவே ஓர் இருக்கைக்கு நான்கு பேர், நான்கு இருக்கைக்குப் பதினாறு பேர். அவர்களின் விடுப்பு, நோய், பயிற்சி ஆகியவற்றுக்கு ஈடுகட்ட இன்னும் சிலர். ஆண்டு முழுவதும் விரல்விட்டு எண்ணத்தக்க அழைப்புகளே வரும் ஊருக்கு அத்தனை பேரை எந்த அரசும் அமர்த்தாது. அமர்த்தினாலும் அந்த வீரர்களுக்கே அது நல்லதன்று. வேலை வராத நிலையத்தில் கைப்பழக்கம் துருப்பிடித்துவிடும்.

உங்கள் ஊர் வண்டி தாமதமானதற்குக் காரணம் மனமில்லாமை என்று நினைத்துவிடாதீர்கள். நாளை விரிவாக எழுதுகிறேன்.

4 நவம்பர்

மூன்று சுழியம் (000) என்ற அவசர எண்ணுக்கு நீங்கள் பேசி முடிப்பதற்குள்ளாகவே அனுப்பும் மையத்திலிருந்து செய்தி பேஜர்களுக்குப் போய்விடுகிறது. அதுவரை எல்லோருக்கும் ஒரே வழிதான். அதற்கு மேல்தான் பாதை பிரிகிறது.

முழுநேர வீரர் நிலையத்துக்குள்ளேயே இருக்கிறார். அவருடைய காலணியும் கால்சட்டையும் வண்டியின் கதவருகே காத்திருக்கின்றன. ஒன்றரை நிமிடத்துக்குள் சக்கரம் உருள்கிறது. தன்னார்வலர் மாட்டுக்கொட்டிலில் இருக்கலாம், உழவு வண்டியில் இருக்கலாம், குளித்துக்கொண்டிருக்கலாம். அவர் தன் சொந்தக் காரில் நிலையத்துக்கு வர வேண்டும். அந்தக் காருக்குச் சைரனும் கிடையாது, சலுகையும் கிடையாது. வேக வரம்பும் சிவப்பு விளக்கும் மற்றவர்களுக்கு எப்படியோ அவருக்கும் அப்படியே. நிலையத்துக்கு முதலில் வருபவர் கதவைத் திறந்து, உடை மாற்றி, ரேடியோவை எடுத்து, அடுத்தவர் வருகிறாரா என்று சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நிற்றல் கொடுமையானது. வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது, புகை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் தனியாளாகப் புறப்படக் கூடாது.

சி.எஃப்.ஏ. இந்த வேறுபாட்டை மறைத்து வைக்கவில்லை. வீட்டுத் தீ போன்ற அவசரங்களுக்கு நடுத்தர நகர்ப்பகுதியில் 8 நிமிடம், சிறு நகர்ப்பகுதியில் 10 நிமிடம், நாட்டுப்புறத்தில் 20 நிமிடம் என்று வெவ்வேறு இலக்குகளை அது வைத்திருக்கிறது. ஒரு கொட்டகைக்கு இருபது நிமிடம் மிக நீண்ட நேரம் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

இப்போது பகல் இரண்டு மணிக்கு வருவோம். என் பேஜர் அந்த நேரத்தில் ஒலித்தால் நான் அரை மணி தொலைவில் உள்ள நகரத்தில் அலுவலக மேசைக்கு முன்னால் இருப்பேன். எங்கள் படையின் பெயர்ப்பட்டியல் நீளமானது. ஆனால் செவ்வாய்க்கிழமை பிற்பகலில் ஊருக்குள் இருப்பவர்கள் ஓய்வுபெற்ற சிலரும், பண்ணைக்காரர் சிலரும், கடை வைத்திருக்கும் ஒருவருந்தான். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் டேங்கரின் ஐந்து இருக்கைகளும் நிரம்பி, மிஞ்சியவர்கள் நிலையத்தில் நிற்பார்கள். உங்கள் ஊரிலும் கதை இதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் அடுத்த ஊர் வண்டியையும் நகர வண்டியையும் அழைப்பு வந்த உடனேயே சேர்த்து அனுப்புகிறார்கள். உங்கள் ஊரார் தவறிய பிறகு கூப்பிட்டதன்று.

5 நவம்பர்

“சி.எஃப்.ஏ.யில் சம்பள வீரர்களே கிடையாது, எப்போதும் தன்னார்வலர்தான்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2020க்கு முன்பு அப்படி இல்லை.

1939 ஜனவரி 13ஆம் தேதிக் கருப்பு வெள்ளியில் 71 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த நீதிபதி லெனார்ட் ஸ்ட்ரெட்டன், நாட்டுப்புறத் தீயணைப்பை ஒரே அமைப்பின் கீழ்க் கொண்டுவரச் சொன்னார். போர்க்காலத்தில் அது கிடப்பில் போனது. 1944இல் மீண்டும் பெருந்தீ வந்து, அவரே மீண்டும் விசாரித்த பிறகுதான் 1945இல் சி.எஃப்.ஏ. இயங்கத் தொடங்கியது. பின்னாளில் பெருகிய புறநகர்களிலும் பல்லாரத், பெண்டிகோ, ஜீலாங் போன்ற நகரங்களிலும் அதே சி.எஃப்.ஏ. நிலையங்களில் முழுநேர வீரர்களும் தன்னார்வலர்களும் கலந்து பணியாற்றினார்கள். 2020 ஜூலை 1 அன்று அந்த 38 நிலையங்கள் மெல்பர்ன் தீயணைப்புப் படையுடன் இணைந்து எஃப்.ஆர்.வி. ஆயின. சி.எஃப்.ஏ. தன்னார்வப் படையாக நின்றது.

அந்தப் பிரிவினை பற்றிக் கசப்பு இன்னும் இருக்கிறது. பல நிலையங்களில் ஒரே கூரையின் கீழ் இரண்டு படைகளின் வண்டிகள் நிற்கின்றன. ஆனால் அதே சட்டத்தில் ஒரு நல்லதும் வந்தது. குறிப்பிட்ட சில புற்றுநோய்கள் தீயணைப்பு வீரருக்கு வந்தால், பணியால் வந்ததாகவே கொண்டு இழப்பீடு தர வேண்டும் என்ற உரிமை, பணிக்கால நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சம்பள வீரருக்கும் தன்னார்வலருக்கும் கிடைத்தது. புகை ஆளைப் பார்த்து உள்ளே போவதில்லை என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது.

9 நவம்பர்

“நகர வண்டி பெரியது, பளபளப்பானது, எங்கள் ஊருக்கு ஏன் லாரி மாதிரி ஒன்றைத் தந்திருக்கிறார்கள்” என்ற கேள்விக்கு வருகிறேன். இதைப் பற்றி நிறுத்தாமல் பேசுவேன் என்று வீட்டில் ஏற்கெனவே புகார் உண்டு.

நகரத்திலிருந்து வந்தது பம்பர். கட்டடத் தீக்காகச் செய்யப்பட்டது. அதில் ஏணி, மூச்சுக் கருவிகள், வெட்டும் கருவிகள், நீண்ட ஹோஸ்கள் எல்லாம் இருக்கும். அது சுமக்கும் தண்ணீர் குறைவு. ஏனென்றால் தெருவில் ஹைட்ரன்ட் (தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய் வாய்) இருக்கும் என்ற நம்பிக்கையில் அது கட்டப்பட்டிருக்கிறது. அதன் பம்பு பெரும்பாலும் வண்டியின் எஞ்சினிலிருந்தே விசையைப் பெறுகிறது. நின்ற இடத்தில் அது பெரும் அளவில் தண்ணீரைத் தள்ளும்; ஓடிக்கொண்டே தள்ளுவது அதன் வேலையில்லை.

உங்கள் தெருமுனையில் நிற்பது டேங்கர். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் லாரி அடித்தளம். இசுசு அல்லது ஹினோவாக இருக்கும். கனரக வகையென்றால் மூவாயிரம் முதல் நாலாயிரம் லிட்டர் வரை தண்ணீர் ஏற்றும். பம்புக்குத் தனி டீசல் எஞ்சின் உண்டு. இதுதான் முக்கியம்: வண்டி புல்வெளியில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்க, ஒருவர் ஹோஸைப் பிடித்துத் தீயின் ஓரத்தை அணைத்துக்கொண்டே போகலாம். கோதுமை வயலில் காற்றோடு ஓடும் தீயை நின்றுகொண்டு அணைக்க முடியாது. அதைப் பின்னாலிருந்து, எரிந்து கறுத்த நிலத்தில் வண்டியை வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் துரத்திப் பிடிக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தீக்குப் பிடிக்கும் ஹோஸ் நிமிடத்துக்கு 300 லிட்டர் கொட்டினால் மூவாயிரம் லிட்டர் பத்து நிமிடத்தில் தீரும். புல்தீக்கு நிமிடத்துக்கு நூறு லிட்டர் என்று சிக்கனமாகப் பிடித்தால் அரை மணி வரும். பிறகு எங்காவது நிரப்ப வேண்டும். அணைக்குட்டையிலிருந்து உறிஞ்சலாம், ஆனால் பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. பம்பு குழாய்க்குள் காற்றை நீக்குகிறது, வெளியிலிருக்கும் காற்றழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. ஆகவே எந்தப் பம்பானாலும் ஏட்டளவில் பத்து மீட்டர் சொச்சம், நடைமுறையில் ஏழு மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்ற முடியாது. வறண்ட ஆண்டில் குட்டையின் நீர்மட்டம் இறங்கி, கரையின் சேற்றுக்கு அப்பால் வண்டியை நிறுத்த வேண்டி வந்தால் அந்த ஏழு மீட்டர் எவ்வளவு குறைவு என்று புரியும்.

ஆகவே உங்களுக்குக் குறைந்த வண்டியைத் தந்துவிட்டார்கள் என்பது சரியில்லை. பம்பரை வைக்கோல் வயலுக்குள் இறக்கினால் அங்கேயே நின்றுவிடும். டேங்கரை மூன்று மாடிக் கட்டடத்துக்கு அனுப்பினால் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

10 நவம்பர்

பண்ணைக்காரர்களின் வண்டியை விட்டுவிட்டேன் என்று ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். கோபம் நியாயமானது. பிக்-அப் வண்டியின் பின்தட்டில் நானூறு ஐந்நூறு லிட்டர் தொட்டியும் ஒரு சிறு பெட்ரோல் பம்பும் கட்டிக்கொண்டு, நாங்கள் உடை மாற்றும் நேரத்துக்குள் அவர்கள் தீயை அடைந்திருப்பார்கள். பல நாள்களில் நாங்கள் சைரனோடு போய்ச் சேரும்போது, ஒரு பெரியவர் வேலியில் சாய்ந்துகொண்டு “வந்துட்டீங்களா?” என்ற பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் பதில் சொல்லித் தருவதில்லை.

அவர்களிடம் பெரும்பாலும் எங்கள் ரேடியோ இருக்காது என்பதுதான் கவலை. புகைக்குள் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியாமல் போகும். இதற்காகவே தனியார் கருவிகளோடு வருபவர்களுக்கான வழிகாட்டுதல்களைச் சி.எஃப்.ஏ. வெளியிட்டிருக்கிறது: உடல் முழுக்க மூடும் பருத்தி அல்லது கம்பளி உடை, தீயைப் பற்றிய அடிப்படை அறிவு, களத்தில் பொறுப்பில் இருப்பவரிடம் தாம் வந்திருப்பதைச் சொல்லுதல் ஆகியவை அதன் சாரம்.

18 நவம்பர்

ஓட்டுநர்தான் எங்கள் உண்மையான பற்றாக்குறை. கார் லைசன்ஸ் வைத்திருப்பவர் 4.5 டன் வரைதான் ஓட்டலாம். நிரம்பிய கனரக டேங்கர் பன்னிரண்டு டன்னைத் தாண்டும். அதற்கு நடுத்தரக் கனரக லைசன்ஸ் வேண்டும். இரண்டு அச்சுக்கு மேல் உள்ள வண்டிக்கு அதற்கும் மேலான வகை. முன்பு ஊரில் பாதிப்பேர் தானிய லாரி ஓட்டியவர்கள். லைசன்ஸ் தானாகவே இருந்தது. இப்போது சேர்பவர்கள் செவிலியர், ஆசிரியர், வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்பவர். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தேர்வுக்கு அனுப்பி, பிறகு எங்கள் வண்டியில் பழக்க வேண்டும்.

இது ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் உள்ள சிக்கலன்று. ஜெர்மனியில் பழைய கார் லைசன்ஸ் 7.5 டன் வரை செல்லும். 1999க்குப் பின் எடுத்தவர்களுக்கு 3.5 டன்தான். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தன்னார்வத் தீயணைப்பாளர்கள் உள்ள நாடு அது. இளையவர்கள் வண்டியைத் தொட முடியாமல் போனதும், தீயணைப்பு, மீட்புப் பணியாளர்களுக்கு மட்டும் 2009இல் 4.75 டன் வரையிலும், 2011இல் 7.5 டன் வரையிலும் சிறப்பு அனுமதிக்கு வழி செய்தார்கள்.

லைசன்ஸ் கிடைத்தால் முடிந்ததா என்றால் இல்லை. மூன்று டன் தண்ணீர் அசையாத சரக்கில்லை. தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருந்தும், பாதி காலியான தொட்டியோடு சரளைச் சாலை வளைவில் திரும்பும்போது தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியைத் தள்ளுவதை இருக்கையிலேயே உணரலாம். வயதில் மூத்த எங்கள் ஓட்டுநர் ஒருவர் புதியவர்களிடம் ஒன்றைத்தான் சொல்வார்: தீயிடம் போய்ச் சேராத வண்டியால் எதையும் அணைக்க முடியாது. சைரன் ஒலித்தால் கால் தன்னால் அழுந்தும். சைரன் ஒலிக்கும்போதே காலைத் தளர்த்தப் பழகியவரைத்தான் நாங்கள் ஓட்டுநர் இருக்கையில் அமர்த்துகிறோம். முழுநேர வீரர் இதை நாள்தோறும் செய்கிறார். அவருக்குப் பழக்கம் தானாக வருகிறது. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வேண்டுமென்றே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2 டிசம்பர்

இன்று லிண்டன் நாள். புதிதாக வந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

1998 டிசம்பர் 2ஆம் தேதி, பல்லாரத் அருகே உள்ள லிண்டனில், ஜீலாங் வெஸ்ட் படையின் டேங்கரில் இருந்த ஐந்து தன்னார்வலர்கள் காற்று திசைமாறியபோது தீயில் சிக்கி இறந்தார்கள். அதற்கு முன்பு, 1983 பிப்ரவரி 16ஆம் தேதிச் சாம்பல் புதனன்று, அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டில் இரண்டு டேங்கர்களில் இருந்த 12 தன்னார்வலர்கள் அதே வகையான காற்று மாற்றத்தில் இறந்திருந்தார்கள்.

விக்டோரியாவின் கோடையை அறியாதவர்களுக்கு இது புரியாது. வெப்ப நாளில் வடக்கிலிருந்து காற்று வீசும். தீ குறுகி நீண்டு தெற்கு நோக்கி ஓடும். பிறகு தென்மேற்கிலிருந்து குளிர்காற்று வந்து மோதும். ஊரில் உள்ளவர்கள் வெயில் தணிந்தது என்று சன்னலைத் திறப்பார்கள். அந்த நேரத்தில் தீயின் நீண்ட கிழக்குப் பக்கம் முழுவதும் ஒரே கணத்தில் தீயின் முன்முகமாக மாறி, பல கிலோமீட்டர் அகலத்தில் வடகிழக்கு நோக்கிக் கிளம்பும். அதுவரை அந்தப் பக்கத்தில் பாதுகாப்பாக வேலை செய்துகொண்டிருந்த வண்டி இப்போது தீக்கு நேர் எதிரே நிற்கும். தீயின் ஓரத்தை ஒட்டி இன்னும் எரியாமல் இருக்கும் அந்தப் பட்டைக்குச் சாவுப் பட்டை என்றே பயிற்சியில் பெயர்.

லிண்டனுக்குப் பிறகு மாறியவை பல. குறைந்தபட்சப் பயிற்சி முடிக்காத எவரும் காட்டுத்தீக் களத்துக்குப் போக முடியாது. காற்று மாற்ற எச்சரிக்கை ரேடியோவில் வந்தால் ஒவ்வொரு வண்டியும் கேட்டதாகப் பதில் சொல்ல வேண்டும். தொட்டித் தண்ணீரை முழுவதும் தீயின் மேல் கொட்டிவிடக் கூடாது. குழுவைக் காக்க ஒரு பகுதியை ஒதுக்கியே வைக்க வேண்டும். காலப்போக்கில் டேங்கர்களுக்குக் கேபினைச் சுற்றித் தண்ணீர் தூவும் முனைகளும், சன்னல்களுக்கு வெப்பம் தடுக்கும் திரைகளும் வந்தன.

ஆண்டுதோறும் தீப்பருவத்துக்கு முன் இந்தப் பயிற்சியைச் செய்கிறோம். வண்டியைக் கறுத்த நிலத்தில் நிறுத்துவதாகப் பாவித்து, சன்னலை ஏற்றி, திரையை இறக்கி, தூவியை முடுக்கிவிட்டு, இருக்கை மட்டத்துக்குக் கீழே குனிந்து கம்பளிப் போர்வைக்குள் புகுந்துகொள்கிறோம். ரேடியோவில் அவசர அழைப்பைச் சொல்லிப் பார்க்கிறோம். வழக்கமாக வாய் ஓயாத குழு அந்த இருட்டுக்குள் போனதும் பேச்சை நிறுத்திவிடும். பயிற்சிதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

3 டிசம்பர்

“முழுநேர வீரர்களாக இருந்திருந்தால் தப்பியிருப்பார்களா?” என்று கேட்டவருக்கு: அந்தக் கேள்வியே என்னை உறுத்துகிறது. 2019 டிசம்பர் 30 அன்று நியூ சவுத் வேல்ஸின் ஜிஞ்செல்லிக் பகுதியில், தீயே உண்டாக்கிய சூறைக்காற்று ஒரு தீயணைப்பு லாரியைப் புரட்டிப் போட்டு ஒரு தன்னார்வலரைக் கொன்றது. அதற்குப் பத்து நாள்களுக்குச் சற்று முன்புதான், பக்ஸ்டன் அருகே மரம் விழுந்து டேங்கர் சாலையிலிருந்து கவிழ்ந்ததில் ஹார்ஸ்லி பார்க் படையின் இரண்டு இளம் தன்னார்வலர்கள் இறந்தார்கள். அந்த இருக்கையில் சம்பளம் வாங்குபவர் இருந்தாலும் மரம் விழுந்திருக்கும்.

அனுபவ வேறுபாடு கட்டடத் தீயில் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். மூச்சுக் கருவி அணிந்து எரியும் வீட்டுக்குள் நுழைவதை வாரம்தோறும் செய்பவரும், அரிதாகச் செய்பவரும் ஒன்றாக மாட்டார்கள். காட்டோரப் புல்தீயில் நிலைமை தலைகீழ். எந்த ஓடை எப்போது வறண்டிருக்கும், எந்த வாயில் பூட்டியிருக்கும், எந்தப் பாலம் பன்னிரண்டு டன் தாங்காது என்பதெல்லாம் எங்கள் கேப்டனுக்கு உறக்கத்திலும் தெரியும்.

14 டிசம்பர்

பேச்சு தீயோடு நின்றுவிட்டது. நாட்டுப்புறச் சாலையில் கார் கவிழ்ந்தால் கதவை வெட்டித் திறக்க வருவது பல இடங்களில் ஆரஞ்சு உடையணிந்த எஸ்.இ.எஸ். (மாநில அவசரச் சேவை) தன்னார்வலர்கள்தான். ஆம்புலன்ஸ் விக்டோரியாவிலும் முழுநேரத் துணை மருத்துவர்கள் மட்டும் இல்லை. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் ஊர்களில் சமூக அவசரக் குழுத் தன்னார்வலர்கள் இதய மின்னதிர்வுக் கருவியோடும் ஆக்சிஜனோடும் முதலில் போய்ச் சேர்வார்கள்; நோயாளியை ஏற்றிச் செல்வது அவர்கள் வேலையில்லை, ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருப்பதுதான் வேலை. மேற்கு ஆஸ்திரேலியாவின் நாட்டுப்புறத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் வண்டியையே பல ஊர்களில் தன்னார்வலர்கள்தாம் ஓட்டுகிறார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு சுமையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நகரத்து முழுநேர வீரர் விபத்துக்குப் போனால் பெரும்பாலும் முன்பின் அறியாத ஒருவரைப் பார்ப்பார். சிற்றூரில் எண்பலகையைப் பார்த்த உடனே அது யாருடைய கார் என்று தெரிந்துவிடும். ஒருமுறை ஒரு விபத்தில் போக்குவரத்தை நிறுத்தும் வேலையில் நான் சாலையில் நின்றிருந்தபோது, வரிசையில் வந்து நின்ற காரிலிருந்து இறங்கியவர், விபத்துக்குள்ளான காருக்குள் இருந்தவரின் அண்ணன். என்னிடம்தான் கேட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது, காவல்துறை சொல்லும்வரை எதுவும் சொல்லக் கூடாது என்று. நாங்கள் இருவரும் ஒரே கூடைப்பந்து அரங்கில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள்.

பிறகு ஆறுதல் பேச்சுக்கு ஆள் வந்தார்கள், நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள். ஆனாலும் அடுத்த வாரமும் அதே அரங்கு, அதே வரிசை இருக்கைகள்.

28 டிசம்பர்

சம்பளத்துக்குத் திரும்புகிறேன்; நவம்பர் 3 அன்று எழுதியது ஒரு பாதிதான்.

சம்பளம் என்றால் முழுநேரச் சம்பளம், இல்லையேல் ஒன்றுமில்லை என்று நான் பேசிவிட்டேன். நடுவழி ஒன்று உண்டு. நியூ சவுத் வேல்ஸின் நாட்டுப்புற நகரங்கள் பலவற்றில் ஃபயர் அண்ட் ரெஸ்க்யூ என்ற தீயணைப்புப் படையின் நிலையங்களை நடத்துபவர்கள் அழைப்புக்கு வரும் பகுதிநேர வீரர்கள். வேறு வேலையில் இருப்பார்கள், பேஜர் ஒலித்தால் ஓடி வருவார்கள், தயாராக இருப்பதற்கும் வந்த நேரத்துக்கும் ஊதியம் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவிலும் குயின்ஸ்லாந்திலும் இதே முறை இருக்கிறது. பிரிட்டனில் இப்படிச் சேர்பவர் நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து நிமிடத் தொலைவுக்குள் வாழ வேண்டும் அல்லது வேலை செய்ய வேண்டும்.

முதலில் இதுவே தீர்வு என்று எனக்குப் பட்டது. யோசிக்க யோசிக்க உற்சாகம் குறைகிறது. பகல் இரண்டு மணிக்கு ஊரில் ஆளில்லை என்பதே சிக்கல். வராதவருக்கு ஊதியம் அறிவித்தாலும் அவர் அரை மணி தொலைவிலிருந்து ஐந்து நிமிடத்தில் வர முடியாது. பிரிட்டனின் பகுதிநேர நிலையங்களும் பகலில் ஆளில்லாமல் வண்டியை நிறுத்தி வைக்கின்றன. உள்ளூரில் வேலை இருக்கும் சிறு நகரங்களுக்கு அந்த முறை பொருந்தும். எங்களைப் போல எல்லோரும் வெளியே போய் உழைக்கும் ஊருக்குப் பொருந்தாது.

சிறு தொகைகளைப் பற்றியும் ஒரு சொல். 2019 டிசம்பர் இறுதியில், நீண்ட நாள் களத்தில் இருந்த நியூ சவுத் வேல்ஸ் தன்னார்வலர்களுக்கு நாளொன்றுக்கு 300 டாலர் வரை, மொத்தம் 6,000 டாலருக்கு மிகாமல், இழந்த வருமானத்துக்கு ஈடாகத் தரப்படும் என்று மத்திய அரசு அறிவித்தது. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு அது பெரிய உதவி. மற்றபடி, தேசிய வேலைவாய்ப்புச் சட்டப்படி அவசரப் பணிக்குப் போக எங்களுக்கு விடுப்பு உரிமை உண்டு. அந்த விடுப்புக்குச் சம்பளம் கொடுக்க முதலாளிக்குக் கட்டாயமில்லை. நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் அந்த உரிமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் திரும்பி வந்த நாளில் மேசை மேல் குவிந்திருந்த கோப்புகளைப் பார்த்து மேலாளர் விட்ட பெருமூச்சு, அடுத்த முறை பேஜரை அணைத்து வைக்கலாமா என்று யோசிக்க வைத்தது. படையில் ஆள் குறைவது இப்படித்தான். விலகல் கடிதம் யாரும் கொடுப்பதில்லை.

11 ஜனவரி

கேள்வி கேட்டவர் தாம் வீட்டிலிருந்தே வேலை செய்வதாகவும், வயது ஐம்பத்திரண்டு என்றும், தம்மால் என்ன பயன் என்றும் எழுதியிருக்கிறார். வேலைநாள் பகலில் ஊரில் இருப்பவர் என்பதே போதும்; உங்கள் கேப்டன் உங்களை வாசலில் வந்து வரவேற்பார். களத்துக்குப் போக விருப்பமில்லை என்றால் நிலையத்தில் ரேடியோ, பதிவேடு, கருவிச் சோதனை என்று வேலை இருக்கிறது. போக விருப்பமென்றால் பொதுத் தீயணைப்பாளர் பயிற்சியை முடிக்க வேண்டும். மாலைகளிலும் வார இறுதிகளிலும் நடக்கும்.

அதுவரை செய்யக்கூடியவை இரண்டு. உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் எங்கள் ஹோஸ் பொருந்தும் வாய் இருக்கிறதா என்று பாருங்கள்: 64 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு மூன்று புரி. அது இல்லாத தொட்டி நிரம்பியிருந்தும் எங்களுக்குப் பயன்படாமல் போகலாம். சாலையில் எங்கள் வண்டி விளக்குகளை மினுக்கிக்கொண்டு நின்றால் 40 கிலோமீட்டருக்கு வேகத்தைக் குறையுங்கள். 2017 ஜூலையிலிருந்து விக்டோரியாவில் அது சட்டம். நூறில் வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

12 ஜனவரி

தாடியும் கண்ணாடியும் இருந்தால் சேர்க்க மாட்டார்களா என்று கேட்கிறீர்கள். சேர்ப்பார்கள். மூச்சுக் கருவியின் முகமூடி தோலோடு ஒட்டி மூட வேண்டும், தாடி அதைக் கெடுக்கும். ஆகவே தாடி இருக்கும்வரை எரியும் கட்டடத்துக்குள் அனுப்ப மாட்டார்கள்; பம்பு இயக்கலாம், டேங்கர் ஓட்டலாம், புல்தீக்குப் போகலாம். கண்ணாடிக்கு முகமூடிக்குள்ளேயே பொருத்தும் சட்டகம் கிடைக்கிறது, படையில் கேளுங்கள். லைசன்ஸ் வகை என்ன என்று நீங்கள் எழுதவில்லையே?